ஒரே உரிமம், வீட்டில் பல கணினிகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் இன்று மூன்று நான்கு கணினிகள் இருப்பது வழக்கமாகிவிட்டது. முகப்பில் வரவு செலவு பார்க்க ஒரு மேசைக்கணினி, அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் விட்டுப்போன மற்றொன்று எனச் சேர்ந்துவிடுகின்றன. ஒரு மென்பொருளைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டால் இவை அனைத்திலும் நிறுவிக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான பிழைச் செய்திகள் தொடங்குகின்றன.

எந்தப் பிழையைத் தீர்க்கப் புகுமுன்னும், உங்கள் உரிமம் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். சில உரிமங்கள் இயந்திரத்தை எண்ணுகின்றன. சில ஆளை எண்ணுகின்றன. சில, ஒரே நேரத்தில் எத்தனை இடங்களில் உள்நுழைந்திருக்கிறீர்கள் என்பதை எண்ணுகின்றன. நகரத்தார் கோயில்களில் வரி வாங்குவது புள்ளிக் கணக்கில்தான்; புள்ளி என்பது மணமான ஒரு தனிக் குடும்பம். ஒரே வளவுக்குள் நான்கு புள்ளிகள் இருந்தால் நான்கு வரி உண்டு, வீடு ஒன்றுதானே என்று அங்கே யாரும் வாதாடுவதில்லை. மென்பொருள் நிறுவனமும் வீட்டை எண்ணுவது அரிது. எது எண்ணப்படுகிறது என்பது பெட்டிக்குள் இருக்கும் அட்டையிலோ, ரசீதிலோ, நிறுவும்போது நாம் படிக்காமல் கடந்துபோகும் ஒப்பந்தத்தின் முதல் பத்திகளிலோ இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைத் தேடுங்கள்.

இரண்டாவது கணினியில் விண்டோஸ் சாவியை ஏற்க மறுக்கிறது

திரையின் வலது கீழ் மூலையில் மங்கலான எழுத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று தெரியும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், சி004சி008 என்று முடியும் பிழை எண் இருக்கும். அந்தச் சாவி, அதாவது உரிமத்துக்கான எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு, ஏற்கெனவே வேறொரு கணினியில் பயன்பட்டுவிட்டது, அனுமதித்த எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். சாவியில் எழுத்துப் பிழை இருக்குமோ என்று மறுபடி மறுபடி தட்டிப் பார்ப்பதால் பயனில்லை.

விண்டோஸ் உரிமம் இயந்திரத்தை எண்ணுவது. ஒரு உரிமம், ஒரு நேரத்தில், ஒரு கணினி. ஆனால் அதிலும் இரண்டு வகை உண்டு. கடையில் கணினி வாங்கும்போதே உள்ளே இருந்து வந்த விண்டோஸ், ஓஇஎம் எனப்படும் வகை. அது அந்தக் கணினியின் மதர்போர்டோடு கட்டுண்டது, கணினி பழுதாகிக் காயலான் கடைக்குப் போனால் உரிமமும் அதோடு போகும். தனியாகப் பெட்டியாகவோ இணையத்திலோ வாங்கியது ரீடெய்ல் வகை. அதைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றலாம்.

உங்களுடையது எந்த வகை என்று அறிய, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோடும் டி, எல், ஐ என்ற எழுத்துகளும் இட்டு என்டர் செய்யுங்கள். சில நொடிகளில் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் இரண்டாவது வரியின் ஓரத்தில் ரீடெய்ல், ஓஇஎம், வால்யூம் ஆகிய மூன்றில் ஒரு சொல் இருக்கும். ரீடெய்ல் என்றிருந்தால், பழைய கணினியில் இதே கட்டளையை டி, எல், ஐ என்பதற்குப் பதிலாக யு, பி, கே என்ற எழுத்துகளோடு இட்டுச் சாவியை நீக்குங்கள். பிறகு புதிய கணினியின் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட் பொத்தானை அழுத்துங்கள். ஓஇஎம் என்றிருந்தால், இரண்டாவது கணினிக்குத் தனி உரிமம் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. வால்யூம் என்றிருந்தால் அடுத்த பகுதியை அவசியம் படியுங்கள்.

சில மாதங்கள் ஒழுங்காக ஓடிய விண்டோஸ் திடீரென்று உரிமம் கேட்கிறது

இது நம் பக்கத்தில் மிக அடிக்கடி வரும் புகார். கணினி மெதுவாக ஓடுகிறதென்று ஒரு பழுதுபார்க்கும் இடத்தில் கொடுத்திருப்பார்கள்; அங்கே ஃபார்மேட் செய்து, 'விண்டோஸ் புரோ பதிப்பு போட்டுக் கொடுத்திருக்கிறோம்' என்று சொல்லித் திருப்பித் தந்திருப்பார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் கழித்துச் செய்தி தோன்றும். பிழை எண் சி004எஃப்074 என்று முடிந்தால், காரணத்தை ஊகிக்க வேண்டியதே இல்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் அலுவலகக் கணினிகளுக்கென்று ஒரு சர்வரை வைத்து, அதன் வழியாக வால்யூம் உரிமம் வழங்கும் முறை ஒன்று உண்டு. அந்த முறையில் கிடைக்கும் அனுமதி 180 நாட்களுக்கு மட்டுமே செல்லும், அதற்குள் கணினி அந்தச் சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கோட்டையூரில் ஒரு வீட்டு மேசையில் இருக்கும் கணினிக்கு அப்படி ஒரு சர்வர் ஏது? போலியான ஒன்றைக் காட்டி ஏமாற்றி ஓடவைத்திருக்கிறார்கள், அது நின்றுவிட்டது.

உறுதி செய்துகொள்ள, மேலே சொன்ன கட்டளையை எக்ஸ், பி, ஆர் என்ற எழுத்துகளோடு இடுங்கள். முறையான வீட்டு உரிமமாக இருந்தால் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருப்பதாகச் சொல்லும்; இல்லையெனில் முடியும் தேதி ஒன்றைக் காட்டும்.

இதற்குத் தீர்வு பல வேளைகளில் செலவில்லாதது என்பதை மக்கள் அறியாமல் இருப்பதுதான் வருத்தம். விண்டோஸ் 8 வெளியான 2012 முதல், விண்டோஸோடு விற்கப்பட்ட பெரும்பாலான கணினிகளின் மதர்போர்டு சிப்பிலேயே சாவி பதிந்திருக்கிறது. உங்கள் கணினி ஹோம் பதிப்போடு வந்தது என்றால், அதே ஹோம் பதிப்பை மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாக நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் அது தானாகவே உரிமத்தைக் கண்டுகொள்ளும். புரோ போட்டதால்தான் சிப்பில் உள்ள சாவி பொருந்தாமல் போனது. நிறுவுமுன் உங்கள் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் படி எடுத்துக்கொள்ளுங்கள்; போலி ஆக்டிவேஷன் கருவி ஓடிய கணினியில் வேறு என்ன நுழைந்திருக்கிறதென்று சொல்ல முடியாது என்பதால், பழைய நிறுவலை வைத்துக்கொண்டே மேலே போடாமல், டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் போடுவதே நல்லது. வங்கிக் கடவுச்சொற்களையும் அதற்குப் பிறகு மாற்றிவிடுங்கள்.

பிழை எண் சி004சி003 என்று முடிந்தால் கதை வேறு: சாவியையே மைக்ரோசாஃப்ட் தடை செய்துவிட்டது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாவிகள் பலவும் நிறுவனங்களுக்கென்று கொடுத்த சாவியைப் பலருக்குப் பிரித்து விற்றவை. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சாவியை உயிர்ப்பிக்க முடியாது.

சட்டத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் 'நம் வீட்டுக்குள் போட்டுக்கொண்டால் யார் கேட்பது' என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர், இழப்போ சேதமோ நேர்ந்தால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று காப்புப் படி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்தப் படியை இன்னொரு கணினியில் ஓடவிட அது அனுமதிக்கவில்லை. உரிமம் மீறிய படி என்று தெரிந்தே பயன்படுத்துவது 63-பி பிரிவின்படி குற்றம். குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் அதில் உண்டு. ஆதாயத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், சிறையில்லாமல் 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வீட்டுக் கணினியிலேயே கடைக் கணக்கும் பார்ப்பவர்கள் இந்தச் சலுகையை நம்பியிருக்கக் கூடாது.

மதர்போர்டு மாற்றிய பிறகு உரிமம் போய்விட்டது

பிழை எண் சி004எஃப்211 என்று முடியும். மதர்போர்டு மாறினால் விண்டோஸின் கண்ணுக்கு அது வேறு கணினி. ரீடெய்ல் உரிமத்தை மாற்றத்துக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், டிரபிள்ஷூட் பக்கத்தில் 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்ற தெரிவைச் சொடுக்கி, அதே கணக்கில் நுழைந்து, பட்டியலிலிருந்து கணினியைத் தேர்ந்தெடுத்தால் போதும். இடி மின்னல் காலத்தில் போர்டு போவது இங்கே புதிதல்ல. ஆகவே கணக்கோடு இணைக்கும் வேலையை இன்றே செய்துவிடுங்கள்.

ஆபீஸ் ஒரு கணினியில் திறந்தால் மற்றொன்றில் வெளியேற்றிவிடுகிறது

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இயந்திரத்தை எண்ணுவதில்லை, ஆளை எண்ணுகிறது. 2018 அக்டோபருக்குப் பிறகு, ஒருவர் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் ஐந்து கருவிகளில் மட்டும் உள்நுழைந்திருக்கலாம் என்பது விதி. கைப்பேசியும் டேப்லெட்டும் இந்த ஐந்தில் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெளியேற்றல் ஏன் நடக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வீட்டில் எல்லாரும் அப்பச்சியின் (அப்பாவின்) மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டு நுழைந்திருப்பார்கள். ஆறாவது கருவி நுழைந்ததும் உரிமச் சிக்கல் எழும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு: ஒரே கணக்கு என்பதால், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவும் ஒன்று. மகள் எழுதிய செமஸ்டர் அறிக்கை அப்பச்சியின் திரையில் வந்து நிற்கும். இடம் போதவில்லையென்று அவர் ஒரு கோப்புறையை அழித்தால் அவளுடைய வேலை போய்விடும்.

சரியான வழி இது. வாங்கியது ஃபேமிலி சந்தா என்றால், வாங்கியவரையும் சேர்த்து ஆறு பேர் வரை அதில் இருக்கலாம். அவர் மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப் பக்கத்தில் நுழைந்து, பகிர்வுப் பகுதியிலிருந்து மற்றவர்களுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் தம் சொந்த மின்னஞ்சலில் அதை ஏற்க வேண்டும். அப்போது ஆளுக்கு ஐந்து கருவிகளும் ஒரு டெராபைட் தனி இடமும் கிடைக்கும், ஒருவர் கோப்பு மற்றவருக்குத் தெரியாது. பெர்சனல் சந்தா என்றால் அது ஒருவருக்கே உரியது, பகிர்வதற்கு இடமில்லை. எல்லாக் கணினியிலும் பழைய கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே புதிய கணக்கில் நுழையுங்கள். இரண்டும் கலந்து கிடந்தால் ஆபீஸ் பழையதையே பிடித்துக்கொள்ளும்.

சந்தாவாக இல்லாமல் ஒரே முறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ் 2021, 2024 போன்றவை மீண்டும் இயந்திரக் கணக்குக்கு வருகின்றன: ஒரு கணினி மட்டும். 'முன்பு மூன்று கணினியில் போட்டோமே' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஹோம் அண்டு ஸ்டூடண்ட் 2007, 2010 ஆகிய பதிப்புகள் ஒரு வீட்டில் மூன்று கணினிகள் வரை அனுமதித்தன. 2013 பதிப்போடு அந்த வசதி போய்விட்டது. ஹோம் அண்டு ஸ்டூடண்ட் வகையைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்க; கண்டாங்கிச் சேலை விற்கும் இல்லத்தொழிலின் பில் அதில் போடுவது உரிமத்துக்குப் புறம்பானது.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கணினியைப் போட்டால் எதுவும் உரிமத்தை ஏற்கவில்லை

சென்னையிலோ கோலாலம்பூரிலோ குடியிருந்துகொண்டு, கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் பெரிய வீட்டைத் திறப்பவர்கள் அனைவரும் இதைச் சந்திக்கக்கூடும். விண்டோஸ் உரிமம் இல்லை என்கிறது, ஆபீஸ் கோப்பைக் காட்டுகிறது ஆனால் திருத்த விடவில்லை, வைரஸ் தடுப்பான் காலாவதி என்கிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் மூன்றையும் தனித்தனியே பழுதுபார்க்கத் தொடங்காதீர்கள். முதலில் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள்.

கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காப்பது மதர்போர்டில் உள்ள ஒரு நாணயம் போன்ற பேட்டரி. மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடக்கும் பழைய கணினிகளில் அது தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் உரிமச் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி நம்ப மறுக்கும். இணையம் இருந்தும் இணைப்பு ஏற்படாது. தேதியைச் சரிசெய்து, நேர மண்டலம் இந்தியாவா என்றும் பார்த்து, மறுதொடக்கம் செய்யுங்கள். அணைத்துப் போட்டதும் மீண்டும் தேதி மாறினால், 2032 என்று எண் பொறித்த அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டும். கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும்.

தேதி சரியாக இருந்தும் ஆபீஸ் திருத்த விடவில்லை என்றால், சந்தா வகை மென்பொருள் ஏறத்தாழ மாதம் ஒரு முறையாவது இணையத்தில் தன் உரிமத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே காரணம். இங்கேயும் ஒரு நுட்பம் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர்களைத் தாண்டி, முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. கணினி 'இணைந்துள்ளது' என்று காட்டும், ஆனால் தரவு நகராது. சரிபார்ப்பு முடியும் வரை கணினியை முகப்புக்கே கொண்டுவந்துவிடுங்கள், அல்லது கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள்.

அந்தக் கணினியில் விண்டோஸ் 10 இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உரிமம் செல்லும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களைத் தருகிறது. ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கில் எடுத்த ஒரு நீட்டிப்பைப் பத்துக் கணினிகள் வரை பயன்படுத்தலாம்.

மூன்று பேருக்கான வைரஸ் தடுப்பான் இரண்டாவது கணினியிலேயே தீர்ந்துவிட்டது

பெட்டியில் '3 யூசர்' என்று இருப்பது பெரும்பாலும் மூன்று கணினிகளையே குறிக்கிறது. மூன்று ஆட்கள் ஆளுக்கு இரண்டு கணினியில் போடலாம் என்று கணக்கிட்டால் தவறும். அதைவிட அடிக்கடி நடப்பது: ஒரு கணினியை ஃபார்மேட் செய்து மீண்டும் நிறுவும்போது, நிறுவனத்தின் சர்வர் அதை வேறு கணினியாகப் பதிவு செய்துவிடுகிறது. அந்நிறுவனத்தின் தளத்தில் நீங்கள் பதிந்த கணக்கில் நுழைந்து பழைய பதிவை நீக்குங்கள்; நீக்க வழியில்லையென்றால் ரசீதுப் படியோடு உதவி மையத்துக்கு எழுதுங்கள். சிங்கப்பூரில் வாங்கிய சாவி இங்கே ஏற்கப்படவில்லை என்றால், அது வட்டாரக் கட்டுப்பாடாக இருக்கக்கூடும். விற்ற நாட்டிலேயே முதல் பதிவைச் செய்து வருவது சில நிறுவனங்களில் பலிக்கும்.

டேலியில் தேதி மூன்று போட்டால் ஏற்கவில்லை

வவுச்சரில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறுத்தால், கணக்கு மென்பொருளான டேலி கெட்டுப்போகவில்லை; உரிமம் இல்லாமல் பயிற்சி நிலையில் ஓடுகிறது. செக்காலைச் சாலையில் கடையும் கோட்டையூரில் வீடும் வைத்திருப்பவர், இரண்டு இடத்திலும் நிறுவிவிட்டு, உரிமத்தை ஓரிடத்தில் மட்டும் ஆக்டிவேட் செய்தால் மற்ற இடத்தில் இதுதான் நடக்கும். சில்வர் உரிமம் ஒரு கணினிக்கு. கோல்டு உரிமம் ஒரே உள் வலையமைப்பில் உள்ள பல கணினிகளுக்கு. கோல்டு வாங்கினால் வீட்டிலும் கடையிலும் ஓடும் என்று நினைத்து வாங்கி ஏமாறாதீர்கள். இரண்டும் ஒரே வலையமைப்பு அல்ல.

உரிமத்தை நிரந்தரமாக வீட்டுக்கு மாற்ற, கடைக் கணினியில் ஹெல்ப் பட்டியில் உள்ள லைசன்ஸ் பகுதியில் 'சரண்டர்' கொடுத்துவிட்டு, வீட்டில் ஆக்டிவேட் செய்யுங்கள். மாலையில் மட்டும் வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால், தினமும் சரண்டர் செய்வதைவிட, நடப்பில் உள்ள டிஎஸ்எஸ் எனப்படும் டேலி சேவைச் சந்தாவோடு வரும் தொலைவழி அணுகலைப் பயன்படுத்துவது முறை. பென்டிரைவில் தரவை எடுத்துப் போய் இரு இடத்திலும் பதிவு போட்டால், ஒரு வாரத்தில் இரண்டு வேறு பேரேடுகள் உங்கள் கையில் இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் உரிமத்தோடு பதிந்த மின்னஞ்சல் தேவை. அது வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையுடையதாகவோ, விற்றவருடையதாகவோ இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் தொடர்பில் இருக்கும்போதே உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடோபியும் டீம்வியூவரும்

கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கு: அடோபி கிரியேட்டிவ் கிளவுட் தனிநபர் சந்தாவை இரண்டு கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம், ஒரே நேரத்தில் ஒன்றில் மட்டும் வேலை செய்யலாம். மூன்றாவதில் நுழைந்தால் எதிலிருந்து வெளியேறுவது என்று அதுவே கேட்கும்.

வெளியூரில் இருக்கும் மகன், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் டீம்வியூவர் வழியாக வீட்டுக் கணினியைச் சரிசெய்யும்போது, வணிகப் பயன்பாடு என்று சந்தேகப்பட்டு இணைப்பைத் துண்டித்தால், அந்நிறுவனத்தின் தளத்தில் உள்ள படிவத்தில் சொந்தப் பயன்பாடு என்று அறிவித்து முறையிடலாம். அதே கணக்கில் அலுவலகக் கணினியைத் தொட்டிருந்தால் முறையீடு நிற்காது.

எல்லாக் கணினிக்கும் உரிமம் வாங்கப் பணம் போதவில்லை

இதையும் ஓர் அறிகுறியாகவே கருதுகிறேன், ஏனெனில் மேலே சொன்ன போலிச் சாவிகள் பலவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது. வேர்டு, எக்செல் வேலைகளைச் செய்யும் லிப்ரெ ஆபீஸை எத்தனை கணினியிலும், தொழிலுக்கும், எந்தக் கட்டணமும் இல்லாமல் நிறுவலாம். பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்பும் அவ்வாறே. பிள்ளைகளின் கட்டுரைக்கும் மொய்ப் பட்டியலுக்கும் வீட்டுச் செலவுக் கணக்குக்கும் இது தாராளமாகப் போதும். மேக்ரோ எனும் தானியங்கிக் கட்டளைகள் நிறைந்த எக்செல் கோப்புகளை வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு மட்டும் ஒரே ஒரு உரிமம் வாங்கி, மற்றக் கணினிகளில் லிப்ரெ ஆபீஸ் போடலாம். அப்படிக் கலந்து பயன்படுத்தும்போது, கோப்பைச் சேமிக்கும் இடத்தில் வேர்டு, எக்செல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துருவை எல்லாக் கணினியிலும் ஒன்றாகவே நிறுவிக்கொள்ளுங்கள், இல்லையேல் ஒரு கணினியில் மூன்று பக்கமாக இருந்த அழைப்பிதழ் வாசகம் இன்னொன்றில் நான்காகிவிடும். அச்சுக்குக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுத்தால் இந்தக் கவலையும் இல்லை.